சிரங்கு இல்லாதவர்களுக்கு மட்டும்

உலகத்திலேயே எங்கள் தெருவைப் போலச் சொறியத் தெரிந்த தெரு வேறு கிடையாது. 1945 தை மாதத்தில் நாங்கள் சொறிந்த சத்தத்தைக் கேட்டு, ஜெயங்கொண்டத்திலிருந்து தா.பழூர் போன பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்தில் ஏதோ உரசுகிறது என்று இறங்கிக் குனிந்து பார்த்தார்.

இதில் கொஞ்சம் மிகை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்த வருஷம் எங்கள் ஊருக்கு பஸ்ஸே கிடையாது. உலகத்தைப் பற்றியும் அப்போது எனக்குக் கும்பகோணம் வரைக்கும்தான் தெரியும். ஆனால் சொறிந்தது நிஜம். அந்தச் சொறியால் பட்டாளத்து வீரமுத்து அண்ணனின் கல்யாணம் நிற்கப் பார்த்ததும் நிஜம்.

யுத்தம் எங்கள் ஊருக்குத் துணிப் பஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தது. கண்ட்ரோல் கடையில் அட்டையைக் காட்டி வாங்கும் துணி ஒரு ஆளுக்கு வேட்டியாகும், அல்லது துண்டாகும், இரண்டும் ஆகாது. ஒரு போர்வைக்குள் ஐந்து பேர் படுத்தோம். ஒரே சேலையை மாமியாரும் மருமகளும் முறைபோட்டுக் கட்டினார்கள். சோப்பைக் கண்ணால் பார்த்து வருஷமாகியிருந்தது. சிரங்குப் பூச்சிக்கு இதைவிட நல்ல காலம் ஏது? ஒரு உடம்பில் குடியிருந்த பூச்சி, நடக்கிற சிரமம்கூட இல்லாமல் அடுத்த உடம்புக்குக் குடிபோனது.

பூச்சி ஒன்றுதான், பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் வீட்டில் அது ரத்தச் சூடு. எதிர்வீட்டில் கத்திரிக்காய் சேரவில்லை. ஊர்ப் பெரியதனம் பார்த்துவந்த இளையபெருமாளுக்கு வந்தது வேர்க்குரு, அதுவும் தை மாதப் பனியில். கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் மட்டும்தான் அதற்குச் சிரங்கு என்று பெயர். அவர்களுக்குப் பொய் சொல்ல நேரமில்லை.

சொறிவதிலும் ஒரு கௌரவம் உண்டு. விரலால் வரட்டு வரட்டென்று சொறிவது அற்பர்கள் வேலை. இளையபெருமாள் விசிறிக் காம்பைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நாட்டு நடப்புப் பேசுவார். அவர் வீட்டுக்கு வரும் பெரிய மனிதர்கள் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, பேச்சுக்கு ஏற்றபடி ஏறி இறங்குவார்கள். ஆமோதிக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

வீரமுத்து அண்ணன் இந்த இளையபெருமாளின் தங்கை மகன். அவருடைய அம்மா முத்தாயி இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்கள் தெருக்கோடியில் இருந்தாள். அண்ணன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பிறகு எருமை மேய்த்தார். நாற்பத்திரண்டில், இருபது வயதில், பட்டாளத்தில் சேர்ந்தார். தேசபக்தி என்றோ ராஜபக்தி என்றோ யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஆள் எடுக்க உடையார்பாளையம் வந்தவர்கள், ஒரு ஆளுக்கு இரண்டு கம்பளி என்று சொன்னார்கள். அவ்வளவுதான்.

அவர் எழுதும் கடிதங்களை முத்தாயிக்கு வாசித்துக்காட்டுவது என் வேலை. மூன்றாம் பாரம், அதாவது இன்றைய எட்டாம் வகுப்பு, முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கடிதத்தில் எதிரியைப் பற்றி ஒரு வரி இருக்காது. சிரங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும்.

சேர்ந்த மூன்றாம் மாதமே அண்ணனுக்கு விரல் இடுக்கில் வந்துவிட்டது. வைத்தியம் தனக்கு மட்டும் நடக்கும் என்று நினைத்திருக்கிறார். டாக்டர் ஒரு விசில் ஊதினார். அந்தக் கொட்டகையில் படுத்த நாற்பது பேரும் பிறந்த கோலத்தில் வரிசையாக நின்றார்கள். ஒரு ஆள் வாளி நிறைய வெள்ளை மருந்தும் சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ்ஷுமாக வந்து, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை நாற்பது பேருக்கும் வெள்ளையடித்தார். "எனக்குச் சொறியவே இல்லை" என்று ஆட்சேபித்த ஹவில்தாருக்கு முதலில் அடித்தார்கள். கம்பளி, சட்டை எல்லாம் ஆவிப் பெட்டிக்குள் போயின. மூன்று நாளில் கொட்டகையே சுத்தம். அண்ணன் இதில் காட்டிய ஆர்வத்தைப் பார்த்து, அவரையே ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு யுத்தம் முடியும் வரை அவர் கையில் பிடித்த ஆயுதம் அந்தப் பிரஷ் ஒன்றுதான்.

பட்டாளத்துச் சிரங்குக்கும் ஊர்ச் சிரங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே ஒருவனுக்குச் சொறிந்தால் நாற்பது பேருக்கு மருந்து. இங்கே நாற்பது பேருக்குச் சொறிந்தாலும் ஒருவனுக்கும் மருந்து இல்லை, ஏனென்றால் ஒருவனுக்கும் சிரங்கு இல்லை.

பொங்கல் கழிந்து தை ஐந்தாம் தேதி அண்ணன் லீவில் வந்தார். ரயில் நாள் போக ஊரில் இருபத்திரண்டு நாள். மாமன் மகள் சிந்தாமணிக்கும் அவருக்கும் தை இருபத்துநாலில் முகூர்த்தம் குறித்திருந்தது. அதை விட்டால் அடுத்த லீவு எப்போதோ, அது வரை ஆள் இருப்பாரோ இல்லையோ, யார் கண்டது? சிந்தாமணி என் தோழி. அண்ணன் பெயரைச் சொன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பாள். அத்தனை பிரியம்.

ஏழாம் தேதி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையை உட்காரவைக்க இளையபெருமாள் வீட்டுப் பவானி ஜமக்காளத்தை விரித்தார்கள். ஊரில் எந்த விசேஷம் என்றாலும், எழவு என்றாலும், பஞ்சாயத்து என்றாலும் அந்த ஜமக்காளம்தான் போகும். சாயம் போய்விடும் என்று அதைத் துவைத்ததே இல்லை. அதன்மேல் உட்கார்ந்தவர் மரியாதைக்குரியவர். இரவல் வாங்கியவர் அதைவிட மரியாதைக்குரியவர். அண்ணனுக்கு இரட்டை மரியாதையாக, இரண்டு ராத்திரி அதிலேயே படுக்கவும் வைத்தார்கள்.

ஒன்பதாம் தேதி காலையில் இளையபெருமாள் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் சிந்தாமணியும் உள்ளே முறத்தை வைத்துக்கொண்டு புடைப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தோம்.

"என்னடா மாப்ள, வெரலு இடுக்குல நோண்டிக்கிட்டே இருக்கே?" என்றார் இளையபெருமாள்.

"செரங்கு, மாமா."

அந்த வீட்டுக்குள் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. விசிறிக் காம்புகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன.

"பட்டாளத்துலேருந்து மாமனுக்குக் கொண்டாந்த சீரா?"

"அங்கேருந்து இல்லீங்க மாமா. கெளம்புறப்ப டாக்டரு ஒடம்பு பூரா பாத்துட்டுதான் லீவு சீட்டுல கையெழுத்துப் போட்டாரு. இங்கதான் ஒட்டிக்கிச்சு. இந்த ஜமக்காளத்துல இருக்கும். உங்க கையிலயும் இருக்கு, பாருங்க."

"எங்கையில இருக்கறது வேர்க்குருடா! நீ வந்து முழுசா நாலு நாளு ஆவல. அதுக்குள்ள எப்புட்றா ஒட்டும்?"

"மொதத் தடவ வந்தா ஒரு மாசம் வரைக்கும்கூடத் தெரியாதுங்க. ஏற்கெனவே ஒருக்கா வந்து போன ஒடம்புன்னா ரெண்டே நாள்ல ஊற ஆரம்பிச்சிடும்."

இளையபெருமாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "கேட்டுக்குங்கப்பா. ஏற்கெனவே வந்த ஒடம்புன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்."

பட்டாளத்து டாக்டர் சொல்லிக்கொடுத்த உண்மை அண்ணன் கழுத்துக்கே சுருக்காக வந்து விழுந்தது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லாகிவிட்டது: வீரமுத்து ஊருக்குள் சிரங்கு கொண்டுவந்துவிட்டான். ஒரு மாதமாக, இரண்டு மாதமாகச் சொறிந்துகொண்டிருந்தவர்கள்கூட நாலு நாளைக்கு முன்னால் வந்தவரைக் காட்டினார்கள். அதுவும் பக்கத்து வீட்டுக்குத்தான் ஒட்டியது, தங்கள் வீட்டில் இருப்பது அதே பழைய ரத்தச் சூடுதான்.

முத்தாயி தன் அண்ணன் இளையபெருமாள் வீட்டுக்கு ஓடினாள். "அண்ணே, எம்புள்ளய மட்டும் சொல்றீங்களே, உங்க பொண்ணு எங்கண்ணு முன்னாடியே இடுப்பயும் கையயும் சொறிஞ்சிக்கிட்டு நிக்குது, பாருங்க."

"அது பாவாட நாடா அழுத்துது."

"ரெண்டு கையிலயுமா நாடா கட்டியிருக்கு?"

"இந்தா முத்தாயி, பேச்ச வளக்காத. இருவத்தொண்ணாம் தேதி ஒம்மவன் வந்து எம்முன்னாடி கைய நீட்டட்டும். வெரலு சுத்தமா இருந்தா தாலி. இல்லாட்டி அரியலூரு."

அரியலூர் என்றால் சாமிதுரை. கண்ட்ரோல் கடையில் குமாஸ்தா. வாரம் ஒரு வேட்டி மாற்றுகிறவர் என்று கேள்வி. அடுத்த நாளே அவரும் பெண் பார்க்க வந்து, அதே ஜமக்காளத்தில் அரைநாள் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணனுக்குத் தன் உடம்பைச் சுத்தம் செய்வது பெரிய காரியமே இல்லை. கந்தகத் தூளை எண்ணெயில் குழைத்து மூன்று நாள் பூசினால் போதும். ஆனால் அம்மாவுக்கு இருக்கிறது. அம்மா புழங்குகிற பக்கத்து வீட்டுக்கு இருக்கிறது. கட்டப்போகிற பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் இருக்கிறது. ஒருவரை விட்டுவிட்டால் இரண்டாம் நாள் மறுபடி ஊற ஆரம்பித்துவிடும், அதுவும் அவருக்குத்தான் முதலில். தெரு முழுக்க ஒரே சமயத்தில் பூசினால்தான் இருபத்தொன்றாம் தேதி கையை நீட்ட முடியும்.

ஜெயங்கொண்டம் நாட்டு மருந்துக் கடைக்கு நடந்துபோய்க் கந்தகம் வாங்கிவந்து, வேப்பெண்ணெயில் குழைத்து, ஒரு தகர டின்னோடு வீடு வீடாக ஏறினார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "எங்களுக்கு எதுக்குப்பா? அந்த வூட்டுக்குக் குடு, பாவம், ராவெல்லாம் தூங்க மாட்டேங்குறாங்க." அந்த வீட்டுக்குப் போனால் இந்த வீட்டைக் காட்டுவார்கள். தெருக்கோடி வரை போய்த் திரும்பும்போது டின் அப்படியே இருந்தது.

கடைசியில் அவர் போய் நின்றது ஊருக்கு வெளுக்கும் வைரக்கண்ணுவிடம். வைரக்கண்ணு வெள்ளாவி அடுக்கிக்கொண்டிருந்தார். பானை வாயில் ஆவி பறக்கத் துணி வேகுவதைப் பார்த்ததும் அண்ணனுக்குப் பட்டாளத்து ஆவிப் பெட்டி நினைவுக்கு வந்து, வந்த வேலை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"தம்பி, எந்த வூட்டுல எத்தினி பேருக்குன்னு நாஞ் சொல்லட்டுங்களா?" என்றார் வைரக்கண்ணு. "துணியில ரத்தப் பொட்டு இல்லாத வூடு இந்தத் தெருவுல ஒண்ணுகூட இல்ல. பெரிய வூட்டு வேட்டிதான் இருக்கறதுலயே மோசம். அத்தினியும் எங்கையாலதான் அலசுறேன். எனக்கும் எம்பொஞ்சாதி கலியம்மாளுக்கும் வந்தப்ப, எங்ககிட்டேருந்துதான் ஊருக்கு வந்துச்சுன்னாங்க. இப்ப நீங்க வந்துட்டீங்க. எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு."

"எல்லாரயும் ஒரே நாள்ல வரச் சொல்லணும், வைரக்கண்ணு. ஒத்தரும் வர மாட்டேங்குறாங்க."

"செரங்கு உள்ளவங்க வாங்கன்னு கூப்ட்டா எப்புடி வருவாங்க? செரங்கு இல்லாதவங்க மட்டும் வாங்கன்னு கூப்புடுங்க. ஊரே வரும்."

அன்று சாயங்காலம் என் கையெழுத்தில் ஒரு அறிக்கை பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டப்பட்டது. எழுத்து குண்டு குண்டாக, பார்த்தால் சர்க்கார் உத்தரவு போலவே இருக்கும். அதில் இருந்தது இவ்வளவுதான்: "பட்டாளத்தில் உயர்ந்த அதிகாரிகள் சிரங்கு வராமல் இருப்பதற்காகப் பூசிக்கொள்ளும் தைலம் பதினைந்தாம் தேதி முதல் மூன்று நாட்களுக்கு வழங்கப்படும். சிரங்கு இல்லாதவர்களுக்கு மட்டும். சிரங்கு உள்ளவர்கள் தயவுசெய்து வரிசையில் நிற்க வேண்டாம்."

பதினைந்தாம் தேதி காலையில் வராதவர் யார்? வராவிட்டால் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடுமே! ரத்தச் சூட்டுக்காரர்கள் வந்தார்கள். கத்திரிக்காய் சேராதவர்கள் வந்தார்கள். வாத்தியார் முதல் ஆளாக நின்று, தனக்குப் பரம்பரையிலேயே கிடையாது என்று இடுப்பைச் சொறிந்துகொண்டு சொன்னார். "வராம இருக்கத்தானேப்பா? நல்லா அழுத்திப் பூசு. இந்த எடத்துல வராம இருக்கணும். இதோ, இந்த எடத்துலயும்" என்று ஒவ்வொருவரும் இடத்தைக் காட்டிக் காட்டிப் பூசிக்கொண்டார்கள். அண்ணன் ஒருவரையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பட்டாளத்தில் கற்ற வரிசைப்படி கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பிரஷ்ஷால் பூசினார். பெண்களுக்கு முத்தாயி தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பூசினாள்.

துணிதான் சங்கடம். எல்லாத் துணியும் வெள்ளாவியில் வேக வேண்டும். மாற்றுத் துணி எவரிடமும் இல்லை. பெண்களின் சேலைகள் முதல் நாள் வெந்தன. அன்று அவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் ஆண்களின் முறை. எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கந்தக மஞ்சளில், அரைஞாண் கயிறோடு, தைப் பனியில் நடுங்கிக்கொண்டு முந்திரிக் காட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து யுத்த நிதி வசூலுக்கு ஒரு அதிகாரி குதிரை வண்டியில் வந்தார். முந்திரிச் செடிக்குச் செடி ஒரு மஞ்சள் மனிதன் எழுந்து கும்பிட்டான். அதிகாரி வண்டியைத் திருப்பிய வேகத்தில் குடை மட்டும் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு ஜப்பான்காரன் சரணடைகிற வரை யாரும் எங்களிடம் நிதி கேட்டு வரவில்லை.

இளையபெருமாள் மட்டும் வரிசைக்கு வரவில்லை. "இல்லாத எனக்கு வராம இருக்க மருந்து எதுக்கு?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். வந்தால் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் வேர்க்குரு தெரிந்துவிடும். சிந்தாமணியும் அவள் அம்மாவும் கொல்லைப்பக்கமாக வந்து பூசிக்கொண்டு போனார்கள். ஜமக்காளத்தையும் சுருட்டி வெள்ளாவிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு உடம்பு பாக்கி இருக்கிற வரை அண்ணன் செய்ததெல்லாம் வீண். பெண்ணுக்கு மறுபடி வரும். பெண்ணிடமிருந்து மாப்பிள்ளைக்கு வரும். மருந்து வேறு டின்னின் அடிக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள், வரிசை கலைகிற நேரம். பெரிய வீட்டுக் கதவு திறந்தது. இளையபெருமாள் சட்டையில்லாமல், மீசையை முறுக்கியபடி, தெரு நடுவே நடந்து வந்தார். ஜனங்கள் விலகினார்கள். அவர் அண்ணன் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நீட்டினார். "பூசுடா மாப்ள! எனக்கும் செரங்குதான். எம்மவ வாழ்க்கையவிட எனக்கு மானம் பெருசில்ல" என்றார். அண்ணன் கண்ணில் தண்ணீர். பிரஷ்ஷிலும் தண்ணீர்.

இருபத்தொன்றாம் தேதி அண்ணன் கையை நீட்டினார். மாமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்துநாலாம் தேதி தாலி ஏறியது. இருபத்தேழில் அண்ணன் ரயிலேறினார். அரியலூரில் சாமிதுரைக்குச் சரியாக ஒரு மாதம் கழித்துச் சொறிய ஆரம்பித்ததாம். அரியலூர்த் தண்ணீர் உப்பு என்று சொல்லிக்கொண்டாராம்.

நாற்பத்தாறில் அண்ணன் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு கம்பளியுமாக நிரந்தரமாகத் திரும்பி வந்தார். மாமன் பக்கத்து நிலத்தைச் சேர்த்து உழுதார். நாலு பிள்ளைகள். எழுபத்தாறு வயது வரை இருந்தார். தெருவையே குணமாக்கியவருக்கு ஊர் ஒரு நன்றி சொல்லியிருக்குமா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. யாருக்கும் சிரங்கே வரவில்லையே, எதற்கு நன்றி? வீரமுத்து பட்டாளத்திலிருந்து சிரங்கு கொண்டுவந்தான், நல்ல வேளையாக ஊருக்கு ஒட்டவில்லை என்றுதான் இன்று வரை பேச்சு. இருந்த வரை, அதைக் கேட்டால் அண்ணன் சிரித்துக்கொண்டே மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

இது வரை எழுதியதைச் சிந்தாமணிக்கு வாசித்துக்காட்டினேன். அவள் தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சீப்பைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா எங்கடி வரிசைக்கு வந்தாரு? மானம் பெருசில்லன்னு அவரு சொன்னாரா? அவரு கனவுலகூடச் சொல்ல மாட்டாரு. அவருக்குப் பூசுனது நாந்தான். முகூர்த்தம் நெருங்குது, பொண்ணப் பெத்தவரு மூணு நாளு எண்ண தேச்சுக் குளிக்கணும்னு அய்யரு சொன்னாருன்னு சொல்லிட்டு, நல்லெண்ணெயில கந்தகத்தக் குழைச்சு, மாட்டுக் கொட்டாயில உக்கார வெச்சு ஒச்சந்தலலேருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சேன். என்னடி இந்த நாத்தம்னாரு. கண்ட்ரோல் எண்ண, இப்ப இப்புடித்தாம்ப்பா வருதுன்னேன். சண்டைக்காரப் பயலுவன்னு வெள்ளக்காரனத் திட்டிக்கிட்டே மூணு நாளும் ஒடம்பக் காட்டுனாரு. வேட்டியெல்லாம் கலியம்மா கொல்லப்பக்கமா வந்து எடுத்துக்கிட்டுப் போனா. சாவுற வரைக்கும் அவருக்குத் தெரியாது. தெருவுக்கே வந்துச்சு, எனக்கு மட்டும் வரலன்னு சொல்லிக்கிட்டேதான் போயி சேந்தாரு."

"அண்ணனுக்காவது சொன்னியா?"

"சொல்லணுமா? தார வாத்துக் குடுக்கறப்ப எங்கப்பா அவரு கையப் புடிச்சாரு. கந்தக வாட கொமட்டுச்சு. இவரு குனிஞ்சு மோந்து பாத்துட்டு எம்முகத்தத் திரும்பிப் பாத்தாரு. நான் தலயக் குனிஞ்சுக்கிட்டேன். அத வெக்கம்னுதான் நீங்கள்லாம் நெனச்சீங்க."